வீட்டுக்கே போய்ப் படம் எடுப்பவர்களுக்கு: பேக்டிராப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சியில் வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்கிறேன். வளைகாப்பு, பிறந்து சில வாரமான குழந்தை, முதல் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், சில வீடுகளில் தாத்தா பாட்டியை மட்டும் உட்கார வைத்து ஒரே ஒரு நல்ல படம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் கேமராவைவிடப் பின்னால் கட்டும் துணியை, அதாவது பேக்டிராப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, முதல்ல ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா எதை வாங்கறது?

சாம்பல் நிறத்தில், 5 அடிக்கு 7 அடி, மடக்கு பேக்டிராப். ஓரத்தில் எஃகுப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள், பையிலிருந்து எடுத்தால் தானாக விரிந்து நிற்கும், முறுக்கினால் வட்டமாக மடங்கிவிடும். சோபாவின் முதுகிலோ பீரோவிலோ சாய்த்து வைத்தால் போதும், ஸ்டாண்டு தேவையில்லை. விரிந்திருக்கும்போது துணி இழுபட்டே இருப்பதால் சுருக்கமும் பெரிதாக வராது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் இருக்கும், ஒரு பக்கம் சாம்பல் என்றால் மறுபக்கம் கறுப்போ நீலமோ பார்த்து எடுங்கள்.

மடிப்பதற்கு ஒரு கைவாகு உண்டு, அதை வீட்டில் இருபது தடவை பழகிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதோடு மல்லுக்கட்டினால், அந்தப் பதற்றம் அடுத்த படங்களிலும் தெரியும். ஒருவர், அல்லது தாயும் கைக்குழந்தையும், முழங்கால் வரை என்றால் இது தாராளம். நின்றபடி தலை முதல் கால் வரை வேண்டும் என்றால் இது பத்தாது.

சாம்பல் கலரா? டல்லா இருக்குமே, யாருக்குப் பிடிக்கும்?

சாம்பல் துணி படத்தில் சாம்பலாகத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது ஒன்றைப் புரிந்துகொண்டால் துணிக்குச் செலவழிக்கும் காசில் பாதி மிச்சம். வெளிச்சம் தூரம் போகப் போகக் குறைகிறது, அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஃப்ளாஷை முகத்திலிருந்து 3 அடியில் வைக்கிறீர்கள், துணி அதே ஃப்ளாஷிலிருந்து 6 அடியில் இருக்கிறது என்றால், முகத்தில் விழுவதில் கால் பங்குதான் துணியில் விழும். இரண்டு ஸ்டாப் குறைவு, வெளிச்சம் ஒவ்வொரு முறை பாதியாவதும் ஒரு ஸ்டாப். துணியை 9 அடிக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்று ஸ்டாப்புக்கும் மேல் குறைவு. அதே சாம்பல் இப்போது கிட்டத்தட்டக் கறுப்பு.

ஆளைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டுக்கும் ஒரே ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்தால் மிதமான சாம்பல் வரும். துணிக்கென்று தனியாக ஒரு ஃப்ளாஷ் அடித்தால் வெளிறிய சாம்பல், கூட்டிக்கொண்டே போனால் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த ஃப்ளாஷ் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தாள் ஒட்டினால் நீலமோ காவியோ. கறுப்புத் துணியில் நிறத்தாள் வெளிச்சம் எடுபடாது, வெள்ளைத் துணியில் முகத்து வெளிச்சம் கொஞ்சம் சிதறினாலும் அந்த நிறம் வெளுத்துவிடும். அதனால்தான் முதல் துணி சாம்பல் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

5க்கு 7 போதுமா, இல்ல ஒரேயடியா 10க்கு 12 வாங்கிடலாமா?

எந்த லென்ஸ், எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முழு ஃப்ரேம் கேமராவை, அதாவது பெரிய சென்சார் உள்ளதை, நிமிர்த்திப் பிடித்து, 85 மி.மீ. லென்ஸில், 7 அடி தூரத்திலிருந்து மார்பளவு எடுக்கிறீர்கள். துணி ஆளுக்கு 3 அடி பின்னால். அங்கே லென்ஸ் பார்க்கும் அகலம் 3 அடிகூட இல்லை. 5 அடித் துணி தாராளம். இதே ஆளை 50 மி.மீ. லென்ஸில் 10 அடி தூரத்திலிருந்து முழு உருவமாக எடுத்தால், அதே 3 அடி பின்னால் இருக்கும் துணியில் தெரியும் அகலம் 6 அடிக்கும் மேல். 5 அடித் துணியின் இரண்டு ஓரமும் படத்தில் வந்துவிடும். சென்சார் சிறிய கேமரா என்றால் உங்கள் 35 மி.மீ. ஏறக்குறைய அந்த 50 மாதிரி, உங்கள் 50 ஏறக்குறைய அந்த 85 மாதிரி.

10க்கு 12 துணி வாங்கலாம், ஆனால் கட்ட இடம் எங்கே? நம் அடுக்குமாடிக் கூடங்கள் பல 10 அடிக்கு 12 அடிதான், அதில் டி.வி. ஸ்டாண்டு, சோபா, ஷூ ரேக் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். என் கணக்கில் வீட்டு வேலைக்கு இரண்டு அளவு போதும்: மேலே சொன்ன மடக்கு பேக்டிராப், அப்புறம் முழு உருவத்துக்கு 7 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒரு துணி. அந்த நீளத்தில் 7 அடி மேலே தொங்கும், மிச்சம் தரையில் வளைந்து காலுக்கு அடியில் வரும்.

மஸ்லின், பாலியஸ்டர், பேப்பர், வெல்வெட், பி.வி.சி... கேட்டாலே தலை சுத்துது. எது நல்லது?

பருத்தி மஸ்லின் ஒளியை மென்மையாக வாங்கும், மினுங்காது, துவைக்கலாம், ஆனால் சுருங்கும். பாலியஸ்டர் கலந்த கனமான துணி அவ்வளவாகச் சுருங்காது, வீட்டு வேலைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலிவான பாலியஸ்டரில் ஒரு மினுமினுப்பு இருக்கும், ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் வெளிர்த்திட்டு விழும். கடையிலேயே போனில் டார்ச் போட்டுச் சாய்த்துப் பாருங்கள். கறுப்புக்கு வெல்வெட்டை மிஞ்ச ஒன்றும் கிடையாது, விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆனால் கனம், தூசி, நூல், பூனை முடி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

பேப்பர் ரோல் 2.72 மீட்டர் அகலத்திலும் 1.35 மீட்டர் அகலத்திலும் வருகிறது, நீளம் 11 மீட்டர். மடிப்பே இல்லாத சமமான பின்னணிக்கு அதுதான் ராஜா. ஆனால் பெரிய ரோல் ஆட்டோவிலும் பல லிஃப்ட்டுகளிலும் நுழையாது. மழைக்காலத்தில் ஈரம் இழுத்து அலை அலையாகிவிடும், சாய்த்து வைத்தால் நடுவில் வளையும், ஒரு குழந்தை நடந்தால் அந்த அளவுக்கு வெட்டி எறிய வேண்டியதுதான். சின்ன ரோலைக் காரில் கொண்டு போகலாம், உட்கார்ந்த படத்துக்கு அருமை.

பி.வி.சி. ஷீட்டுக்கு ஒரே ஒரு காரணம்தான், கேக். முதல் பிறந்தநாள் குழந்தை கேக்கில் கையை விட்டு அளைவதை எடுக்கும்போது துடைத்தால் போகிற மாதிரி ஒன்று வேண்டும். புது ஷீட்டில் வாடை இருக்கும், சில நாள் காற்றாட விரித்து வைத்த பிறகே குழந்தைப் பக்கம் கொண்டு போங்கள். பச்சைக் குழந்தையை அதன் மேல் நேராகப் படுக்க வைக்காதீர்கள், சில்லென்று இருக்கும், அழும். இயற்கைக் காட்சியும் அரண்மனையும் அச்சடித்த ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். அதில் வெயில் இடப்பக்கமிருந்து அடிக்கும், உங்கள் ஜன்னல் வலப்பக்கம் இருக்கும், கண் உடனே பொய் என்று சொல்லிவிடும்.

கடையில ரெடிமேடா வாங்காம நாமளே துணி எடுத்துத் தைச்சுக்கலாமா?

தாராளமாக. என்னிடம் இருப்பதில் பாதி அப்படித்தான். ஆனால் சாதாரண அகலத் துணி இரண்டை மூட்டித் தைத்தால் நடுவில் மூட்டு கோடாகத் தெரியும், அதுவும் சரியாகத் தலைக்குப் பின்னால் வந்து நிற்கும். மூட்டு இல்லாத அகலத் துணிக்குக் கரூர் பக்கம் கேளுங்கள், படுக்கை விரிப்புக்கு நெய்கிற ஊர் என்பதால் டபுள் பெட்ஷீட் அகலத்தில் துணி கிடைக்கும். சாயம் ஏற்றாத காடாத் துணி எடுத்து நாமே நிறம் ஏற்றலாம். தண்ணீரில் ஒருமுறை நனைத்துச் சுருக்கி எடுத்த பிறகு சாயம் போடுங்கள், இல்லாவிட்டால் பிறகு அளவு குறைந்துவிடும்.

பெயிண்ட் அடித்த மாதிரி மேகம் மேகமாக வேண்டும் என்றால், கெட்டியான கித்தானில் தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயிண்ட்டைக் கடற்பஞ்சு மாதிரியான ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றலாம். அடுத்தடுத்த இரண்டு மூன்று சாயல்கள் போதும், நடுவில் கொஞ்சம் வெளிர், ஓரத்தில் அடர்த்தி. பளபளப்பு இல்லாத பெயிண்ட்டாக வாங்குங்கள். காய்ந்த பிறகு குழாயில் சுருட்டி வைக்க வேண்டும். மடித்தால் மடித்த இடத்தில் வெடிக்கும்.

சுருக்கம் போகவே மாட்டேங்குது அக்கா. அயர்ன் பண்ணி எடுத்துட்டுப் போனாலும் அங்க போறதுக்குள்ள கசங்கிடுது.

மடித்து எடுத்துப் போவதால்தான். துணிக்கடையில் உள்ளே வைத்திருக்கும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி, அயர்ன் செய்த துணியை அதில் சுருட்டி வையுங்கள். போன இடத்தில் கட்டியதும் இரண்டு பக்கமும் கீழேயும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டி, தண்ணீரை ஸ்பிரேயில் லேசாக அடித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பருத்தி கால் மணி நேரத்தில் பாதிச் சுருக்கத்தை விட்டுவிடும்.

வெளிச்சமும் இதில் சேர்த்தி. பக்கவாட்டிலிருந்து துணியை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்தையும் மேடு பள்ளமாகக் காட்டும், நேராக விழுந்தால் அவ்வளவு தெரியாது. ஜன்னல் பக்கவாட்டில்தான் இருக்கிறது என்றால் ஆளை ஓர் அடி முன்னால் கொண்டு வாருங்கள், லென்ஸ் துளையை எஃப் 2.8 அளவுக்கு அகலமாகத் திறந்து எடுங்கள், துணி ஃபோகஸ் விட்டுப்போய் சுருக்கம் கரைந்துவிடும். அடர்ந்த நிறத்தில் இன்னும் சுலபமாகக் கரையும்.

ஸ்டாண்டு இல்லாம சமாளிக்க முடியுமா? ஆணி அடிக்க விடமாட்டேங்கறாங்க.

வாடகை வீட்டில் யார் விடுவார்கள், நாமும் கேட்கக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள். ஜன்னல் ஸ்கிரீன் கம்பி ஏற்கெனவே இருக்கும், ஸ்கிரீனைத் தள்ளிவிட்டு நம் துணியைத் தொங்கவிடலாம். பரணின் விளிம்பில் பெரிய கிளிப் பிடிக்கும். பீரோ மேல் இரண்டு தடித்த புத்தகத்துக்கு அடியில் துணியின் ஓரத்தைச் சொருகலாம். பூஜை அறை வாசலில் மட்டும் எதையும் கட்டாதீர்கள், கேட்டால் சரி என்பார்கள், ஆனால் மனசுக்குள் சங்கடப்படுவார்கள்.

சுவருக்குச் சுவரோ, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலோ அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியும் உண்டு. நல்ல சுவரில் பிரமாதமாக நிற்கும், ஜிப்சம் சீலிங்கில் ஓட்டை போட்டுவிடும். டேப் ஒட்டுவதாக இருந்தால் டைல்ஸில் ஒட்டுங்கள், பெயிண்ட் அடித்த சுவரில் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.

ஃபேன் போட்டா துணி ஆடுது, நிறுத்தினா எல்லாரும் வேர்த்து வடியறாங்க. என்னதான் செய்யறது?

நம் ஊரில் இதுதான் உண்மையான பிரச்சினை. ஃபேன் இறக்கை பல வீடுகளில் 8 அடி உயரத்தில் சுற்றுகிறது, ஸ்டாண்டுக் கம்பியையும் அதே உயரத்துக்கு ஏற்றுகிறோம். முதலில் பாதுகாப்பு: ஃபேனுக்கு நேர் கீழே கம்பி வரவே கூடாது, சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் "நான் சொல்கிறவரை போடாதீங்க" என்று சொல்லி வையுங்கள்.

ஏசி இருக்கிற படுக்கையறையைக் கேட்டு வாங்குங்கள். அதிகாலை வெளிச்சத்திலேயே போய்விட்டால் இன்னும் நல்லது. ஏசியே இல்லை என்றால் பத்து நிமிடம் எடுப்பது, ஐந்து நிமிடம் ஃபேன் போடுவது என்று முறை வைத்துக்கொள்வேன். பட்டுப்புடவையில் எட்டு மாதக் கர்ப்பிணியை உட்கார வைத்திருக்கிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். கீழ் ஓரத்தில் கிளிப்போடு கனம் கட்டிய துணி, மெதுவாகச் சுற்றும் டேபிள் ஃபேனை ஆள் பக்கம் திருப்பி வைத்தால் பெரும்பாலும் ஆடாது. பச்சைக் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை, அதற்கு வெதுவெதுப்புதான் வேண்டும்.

ஸ்டாண்டு விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. மணல் மூட்டை எல்லாம் தூக்கிட்டுப் போகணுமா?

பயம் நியாயமானது. என் முதல் வருடத்தில், கிரானைட் தரையில், கனம் வைக்காமல் நிறுத்திய ஸ்டாண்டை மூன்று வயதுப் பையன் ஒருவன் திரையைப் பிடித்து இழுத்துச் சாய்த்துவிட்டான். கம்பி அவனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கனம் வைக்காமல் ஸ்டாண்டை நிமிர்த்தியதே இல்லை.

மூட்டையைக் காலியாக எடுத்துப் போங்கள், அங்கே போய் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளலாம். 5 கிலோ அரிசிப் பையும் சரிதான், எல்லா வீட்டிலும் இருக்கும். மூன்று கால்களையும் நன்றாக அகட்டி, கனத்தைக் காலின் மேல் அணைத்து வையுங்கள், அந்தரத்தில் ஆடக் கூடாது. வழுக்கும் தரையில் காலுக்கடியில் பழைய யோகா மேட் துண்டு. வீட்டில் தவழும் குழந்தையோ ஓடும் குழந்தையோ இருந்தால் ஸ்டாண்டே வேண்டாம், முதல் கேள்வியில் சொன்ன மடக்கு பேக்டிராப்பைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கார் இல்ல, ஸ்கூட்டிதான். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக முடியுமா?

முடியும். மடக்கு பேக்டிராப் வட்டப் பையில் முதுகில், ஸ்டாண்டுப் பை காலடியில் குறுக்கே வராமல் பின்னால் நெடுக்காகக் கட்டி. கம்பி நான்கு துண்டாகக் கழற்றுகிற மாதிரி வாங்குங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். பேப்பர் ரோலை மறந்துவிடுங்கள்.

வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கறுப்புத் துணி கட்டினா பெரியவங்க முகம் சுளிக்கறாங்க. என்ன சொல்லிப் புரியவைக்கிறது?

புரியவைக்க வேண்டாம், கட்டாதீர்கள். நல்ல நாளில் கறுப்பு வேண்டாம் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், நாம் ஒரு மணி நேரம் வந்துபோகிறவர்கள். அரக்கு, பாட்டில் பச்சை, மரக்கலர், கருநீலம் என்று எத்தனையோ இருக்கின்றன. இரண்டாவது பதிலில் சொன்னபடி சாம்பலையே இருட்டாக்கவும் முடியும். நேரில் பார்க்கும்போது சாம்பல்தான் கட்டியிருக்கிறோம், யார் மனசும் நோகாது.

இன்னொன்று, கறுப்பு நம் ஆட்களுக்குச் சுலபமான நிறமும் கிடையாது. எண்ணெய் வைத்து வாரிய கருங்கூந்தல் கறுப்புத் துணியில் கலந்துவிடும், முகம் மட்டும் முகமூடி மாதிரி மிதக்கும். பின்னாலிருந்து முடிக்கு ஒரு வெளிச்சம் கொடுத்தால்தான் பிரியும். சின்னக் கூடத்தில் அந்த விளக்கை வைக்க இடம் இருக்காது. அடர் மரக்கலரில் அந்தத் தொல்லை பாதிதான்.

பட்டுப் புடவைக்கு என்ன கலர் கட்டணும்?

முதல் நாளே வாட்ஸ்அப்பில் புடவையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வெளிச்சத்தில் வைத்து, முந்தானையும் கரையும் தெரிகிற மாதிரி. காஞ்சிப் பட்டில் ஏற்கெனவே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ஜரிகை ஒரு மினுக்கம். பின்னால் வெறும் நிறம் போதும். அரக்குப் புடவைக்கு அரக்குத் துணி கட்டினால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நான் கரையின் நிறத்தைப் பார்ப்பேன், அதன் அடர்ந்த, மங்கிய சாயலைப் பின்னால் கொடுப்பேன். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை என்றால் மங்கிய ஆலிவ்.

தலையில் பூ இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு வளைகாப்பில் வெளிர் நிறத் துணி கட்டிவிட்டேன், பெண்ணின் அம்மா விடியற்காலையில் எழுந்து தொடுத்த நெருக்கமான மல்லிகைச் சரம் படத்தில் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துபோனது. பக்கவாட்டுப் படத்தில் ஒவ்வொரு மொட்டாகத் தெரிய வேண்டிய பூ அது. உடனே மரக்கலர்த் துணியை மாற்றிக் கட்டி மறுபடி எடுத்தேன், அந்த அம்மா முதலில் பெரிதாக்கிப் பார்த்ததும் அந்தப் பூவைத்தான்.

சுத்த வெள்ளை வரமாட்டேங்குது. அழுக்கு வேட்டி மாதிரி வருது.

காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது: துணிக்கு முகத்தைவிடக் குறைவான வெளிச்சம் போகிறது. வெள்ளை வெள்ளையாக வர அதற்குத் தனி வெளிச்சம் வேண்டும், முகத்தைவிட ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூடுதலாக. அதற்கு மேல் கூட்டினால் வெள்ளை திரும்பி வந்து முடி ஓரத்தையும் காதையும் கரைக்கும். ஆள் துணியிலிருந்து 4, 5 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சின்ன வீட்டில் இது சிரமம். குழந்தைப் படம் என்றால் வேறு வழி இருக்கிறது. பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் போர்வை விரித்துக் குழந்தையை அதன் மேலேயே படுக்க வையுங்கள், இரண்டுக்கும் ஒரே வெளிச்சம், வெள்ளை தானாக வரும்.

அப்படியே ஒரு விசா போட்டோவும் எடுத்துக் கொடுங்கன்னு கேக்கறாங்க. இந்தத் துணியிலயே எடுக்கலாமா?

மகன் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் நிச்சயம் கேட்பார்கள். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம், வெள்ளை அல்லது வெள்ளைக்குப் பக்கத்து நிறப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது, பின்னால் நிழல் விழக் கூடாது. வெள்ளைத் துணியைக் கட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து எடுங்கள். மற்ற நாடுகளுக்கு விதி மாறும், அந்தந்தத் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

துணி சரியாத்தான் இருக்கு, ஆனா முகத்துல பச்சையா ஒரு சாயல் வருது.

சுவரைப் பாருங்கள். பாசிப்பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று அடித்திருப்பார்கள், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்கு வருகிறது. பேக்டிராப் பின்னால் இருப்பதை மறைக்கும், பக்கத்துச் சுவரை மறைக்காது. ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை அந்தச் சுவர்ப் பக்கம் தொங்கவிட்டால் சாயல் போய், முகத்தின் நிழல் பக்கத்தைத் தணிக்க நல்ல வெளிச்சமும் கிடைக்கும். டியூப்லைட், மஞ்சள் பல்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணியின் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறமாக வரும். சாம்பல் துணியை வைத்து கேமராவின் வெள்ளைச் சமநிலையை (நிறம் சரியாக வருவதற்கான அமைப்பை) எடுக்காதீர்கள், பெரும்பாலான சாம்பல் துணியில் நீலமோ பழுப்போ கலந்திருக்கும். அதற்கென்று உள்ள சாம்பல் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

குடும்பமா பத்துப் பேரையும் சேர்த்து எடுக்கணும். எவ்வளவு பெரிய துணி வேணும்?

துணி வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 35 மி.மீ. லென்ஸில் 10 அடியிலிருந்து படுக்கை வாட்டில் எடுத்தால், 3 அடி பின்னால் லென்ஸ் பார்க்கும் அகலம் 13 அடிக்கும் மேல். கடையில் விற்கும் 9 அடி ஸ்டாண்டு எப்படியும் பத்தாது. பத்துப் பேரை வாசல்படியில், மாடிப்படியில், இருந்தால் திண்ணையில் உட்கார வையுங்கள். துணியை அதற்குப் பிறகு கட்டி, ஒவ்வொருவராக, ஜோடி ஜோடியாக எடுக்கலாம். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் பெரிதாகப் பிரிண்ட் போடக் கேட்பது அந்தத் தனிப் படங்களைத்தான்.

மொட்டை மாடில கட்டலாமா?

நிழல் இருந்தால் அருமையான இடம். தண்ணீர்த் தொட்டியின் நிழல், படிக்கட்டு அறைச் சுவரின் நிழல், ஏதாவது ஒன்று போதும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் ஊர் ஊராகப் போய்ச் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் எடுத்தது இப்படித்தான்: திறந்தவெளி, நிழல், பின்னால் மாட்டிய வெள்ளைப் பேப்பர். ஃப்ளாஷ் கிடையாது.

காற்றுதான் எதிரி. மடக்கு பேக்டிராப் பாய்மரம் மாதிரி கிளம்பிவிடும், கைப்பிடிச் சுவர் தாண்டிக் கீழே போனால் யார் தலையிலாவது விழும். நான்கு மூலையையும் சுவரோடும் குழாயோடும் கட்டுங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஆடி மாதக் காற்றில் முயற்சி செய்யவே வேண்டாம்.

வீட்டுக்குப் போய் எடுக்கறதே வீடு தெரியணும்னுதானே? அதைத் துணி போட்டு ஏன் மறைக்கணும்?

நல்ல கேள்வி, நான் இரண்டு விதமாகவும் எடுக்கிறேன். ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் முற்றத்து வெளிச்சமும் தூணும் இருக்கும்போது துணி கட்டினால் அது வீட்டுக்குச் செய்கிற அநியாயம். பெரும்பாலான வீடு அப்படி இல்லை. பின்னால் காலண்டர், ரூட்டர், காயப்போட்ட துண்டு. வீட்டம்மாவுக்கு அது தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். துணி கட்டியதும் அந்தக் கூச்சம் போய்த் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1948இல் பெருவின் குஸ்கோ ஊரில் உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டுடியோவையே வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த வரைதுணிக்கு முன்னால் அந்த ஊர் மக்களை நிற்க வைத்தார். பின்னாளில் கூடாரத்தையே ஸ்டுடியோவாக்கி நாடு நாடாகக் கொண்டு போனார். வெறும் துணிக்கு முன்னால் நிற்கும்போது ஆள் தன்னை ஒரு தினுசாக நிமிர்த்திக்கொள்கிறார். அடுப்படியில் அது வராது. அடுப்படியில் வேறொன்று வரும், அதையும் எடுங்கள்.

இப்பல்லாம் ஏ.ஐ.ல பின்னணியை ஒரு நிமிஷத்துல மாத்திடலாமே, இவ்வளவும் எதுக்கு?

வழுக்கைத் தலையும் சட்டையும் என்றால் சரியாக வெட்டித் தரும். நெற்றியில் பறக்கும் முடி, மல்லிகைச் சரம், ஆர்கன்ஸா துப்பட்டா, பாட்டியின் மெல்லிய வெள்ளை முடி என்று வந்தால் ஓரம் மெழுகு மாதிரி ஆகிவிடும், பிரிண்ட் பெரிதாகப் போட்டால் தெரியும். அது தவிர, வெளிச்சம் பின்னணியிலிருந்தும் ஆளின் மேல் கொஞ்சம் விழுகிறது, மாற்றிய பின்னணியில் அந்த உறவு இருக்காது. பிற்பாடு மாற்றியே ஆக வேண்டும் என்றால்கூட சாம்பல் துணியில் எடுங்கள். பச்சைத் துணியில் எடுத்தால் தாடைக்கு அடியில் பச்சை ஏறிக்கொண்டு இறங்காது.

மஞ்சள், குங்குமம், எண்ணெய் எல்லாம் துணில பட்டுடுது. எப்படிப் போக்கறது?

மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசிவிட்டு நல்ல வெயிலில் காயப்போடுங்கள், வெயிலே அதை வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாள் ஆகலாம். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் போகாது. அதனால் நலங்கு வைக்கிற படங்களுக்கு நல்ல துணியைத் தரையில் விரிக்காமல், அதே நிறத்தில் ஒரு பழைய போர்வையைக் கீழே போட்டுவிடுங்கள். எண்ணெய் என்றால் உடனே கோலமாவோ முகப்பவுடரோ தூவி ஊறவிட்டு, தட்டிவிட்டுத் துவைக்க வேண்டும்.

பாட்டி படுத்த படுக்கையா இருக்காங்க, உட்கார வைக்க முடியாது. ஒரு படம் வேணும்னு பேரன் கேக்கறான். பேக்டிராப் கட்ட முடியுமா?

முடியும், முதலில் பாட்டியைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேரனுக்காக எடுக்கக் கூடாது. சரி என்றால் படுக்கையை நகர்த்தாதீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மடக்கு பேக்டிராப்பின் எஃகு விளிம்பு படுக்கிறவருக்கு உறுத்தும், அதனால் துணி. மரக்கலரிலோ சாம்பலிலோ ஒரு மென்மையான பருத்தித் துணியைத் தலையணை மேல் போட்டு, தோள் வரை இழுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை மேல் ஏற்றிக் கிளிப் போடுங்கள். தலையணை உறையின் பூப்போட்ட டிசைன், மருந்து டப்பா, சுவர் எல்லாம் மறைந்துவிடும். இரண்டு தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்த முடிந்தால் உயர்த்தலாம், கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு அவர் கண் உயரத்துக்கு இறங்கி எடுங்கள், மேலே நின்று குனிந்து எடுக்காதீர்கள்.

உறையூரில் ஒரு பாட்டியை இப்படி எடுத்தேன். மகள் தலை வாரிவிட்டு, விபூதி வைத்து, மூக்குத்தியைத் துடைத்துவிட்டார். துணி கட்ட நான்கு நிமிடம், படம் எடுக்க ஆறு நிமிடம். முடித்துக் கிளிப்பைக் கழற்றும்போது பாட்டி என் கையைப் பிடித்து, அந்தத் துணி கொஞ்ச நேரம் இருக்கட்டும், மெத்தென்று இருக்கிறது என்றார். அடுத்த வாரம் பிரிண்ட் கொடுக்கப் போனபோது அதை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை, கரூரிலிருந்து வேறு எடுத்துக்கொண்டேன்.